கடைசி நாளிலிருந்து எழுதிய பாடநெறி

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலை. ஏழாம் வகுப்பு, பத்தொன்பது பிள்ளைகள். கற்பித்தல் பயிற்சிக்குப் போயிருந்த என் மாணவி ஒருத்தியின் பாடத்தைப் பார்க்கப் பின்வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நடன ஆக்கப் பாடநெறியில் அந்த வருடம் அதிகூடிய புள்ளி எடுத்தவள் அவள்தான். பாடம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் கைபேசியை மேசையில் சாய்த்து வைத்தாள். யூடியூபில் ஒரு மீனவர் நடனம் ஓடியது. "இதைப் பாத்து ஆடுங்க பிள்ளையள்" என்றாள். பின்வரிசைக்குத் திரை தெரியவில்லை. அவர்கள் முன்வரிசையைப் பார்த்து, அரை மாத்திரை பிந்தி ஆடினார்கள்.

பாடம் முடிந்ததும் கிணற்றடியில் வைத்துக் கேட்டேன்: "ஏன் மகள், நீயே ஏதாவது ஆக்கிக் குடுத்திருக்கலாமே?"

"மிஸ், உங்கட பாடத்தில நீங்க ஆக்கினதை நாங்க ஆடினம். நல்லா ஆடினன், புள்ளி போட்டீங்க. ஆக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது மிஸ்."

அவள் குறை சொல்லவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னாள். பிழை என் பாடநெறியில் இருந்தது. அதைப் பிரித்துத் திருப்பிப் பொருத்திய இரண்டு வருட வேலையை இங்கே பதிந்து வைக்கிறேன். நடன ஆசிரியர்களைப் பயிற்றுகிற வேறு யாருக்காவது உதவும்.

பழைய தாளில் என்ன இருந்தது

கற்றற்பேறுகள் என்று ஆறு வசனங்கள் இருந்தன. நடன அமைப்பின் கோட்பாடுகளை அறிந்துகொள்வார், குழு நடனத்தின் தன்மைகளை விளங்கிக்கொள்வார், நடனத்தை இரசிப்பார் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரே கேள்வியை எழுதினேன்: இது நடந்தது என்று எதைப் பார்த்துச் சொல்வேன்? ஆறில் ஒன்றுக்கும் விடை இல்லை. விளங்கிக்கொண்டவளையும் விளங்காதவளையும் வேறாக்க என் கையில் இருந்தது, நான் அமைத்த உருப்படியை அவள் எவ்வளவு சுத்தமாக ஆடினாள் என்ற கணக்கு மட்டும்தான். ஆக்கம் என்று பெயர் வைத்துவிட்டு ஆட்டத்துக்குப் புள்ளி போட்டிருக்கிறேன்.

இந்த வேலைக்கான கருவிகள் ஏற்கெனவே உண்டு. பேறு மையக் கல்வி பற்றிக் கல்வியாளர் வில்லியம் ஸ்பேடி எழுதியதன் சாரம், பிள்ளை கடைசியில் எதைச் செய்து காட்ட வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடு என்பது. பேறும் கற்பித்தலும் கணிப்பீடும் ஒரே வினைச்சொல்லைச் சுற்றி நிற்க வேண்டும் என்று ஜோன் பிக்ஸ் 1996இல் எழுதினார். கற்றல் இலக்குகளைப் படிப்படியாக அடுக்கிய புளூமின் 1956ஆம் ஆண்டுப் பகுப்பு 2001இல் திருத்தப்பட்டபோது 'ஆக்குதல்' உச்சிப்படிக்குப் போனது. நம் நாட்டுப் பாடசாலைகளிலும் 2007 முதல் தேர்ச்சி மையப் பாடத்திட்டம் இருக்கிறது. ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளை எங்கள் ஆசிரியப் பயிலுநர்கள் நித்திரையிலும் ஒப்புவிப்பார்கள். அந்தப் படிகளில் ஏறிப் போகிற பாடத்தை என் வகுப்பில் அவர்கள் ஒருநாளும் அனுபவித்ததில்லை. தான் ஏறாத படியில் பிள்ளையை எப்படி ஏற்றுவது?

ஒரு வசனத்துக்கு மூன்று கிழமை

மிக நீண்ட நேரம் எடுத்தது ஒரே ஒரு வசனம். பாடநெறியின் கடைசி நாளில் பயிலுநர் எதைச் செய்து காட்ட வேண்டும்?

முதல் வடிவம்: 'பயிலுநர் மூன்று நிமிடக் குழு நடனம் ஒன்றை ஆக்குவார்.' நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது: இது நடன அமைப்பாளரை உருவாக்குகிற வசனம். எனக்கு வேண்டியவர் ஆசிரியர்.

இரண்டாவது: 'பயிலுநர் மாணவர்களுக்குக் குழு நடனம் ஒன்றைக் கற்பிப்பார்.' மூதூரில் கைபேசியைச் சாய்த்து வைத்த என் மாணவி இதை அன்றைக்கே நிறைவேற்றிவிட்டாள்.

மூன்றாவதுதான் நின்றது: 'வழமையான வகுப்பறையில், இரட்டைப் பாடவேளையின் எண்பது நிமிடத்தில், குறைந்தது பத்துப் பிள்ளைகள் தாங்களே தெரிந்தெடுத்த அசைவுகளைக் கொண்டு ஒரு நிமிட நடனம் ஒன்றை ஆக்க, பயிலுநர் வழிநடத்துவார். அதில் தான் எடுத்த மூன்று முடிவுகளுக்குக் காரணம் சொல்வார்.'

'வழமையான வகுப்பறை' என்ற சொல்லுக்காகச் சக விரிவுரையாளர் ஒருவருடன் வாதாட வேண்டியிருந்தது. நல்ல மண்டபத்தில் பரீட்சை வைப்பதுதான் பிள்ளைக்கு நியாயம் என்றார் அவர். எங்கள் பயிலுநர்கள் போகப்போகும் பாடசாலைகளில் வாங்கு மேசையை ஓரமாக்கினால் கிடைக்கிற இடம் ஒரு அறையின் பாதி. சீமெந்துத் தரை. நட்டுவாங்கத்துக்கு ஆள் இல்லை, மிருதங்கம் இல்லை, பல நாட்களில் ஸ்பீக்கரும் இல்லை. அங்கே செய்ய முடிந்தால்தான் அது தேர்ச்சி. அந்தச் சொல்லை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நேரக் கணக்கு

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் ஒரு திறமைப்புள்ளி என்பது 50 கற்றல் மணித்தியாலம். எங்கள் பாடநெறிக்கு இரண்டு. ஆக 100 மணித்தியாலம். பழைய திட்டத்தில் வகுப்பறை 45 மணித்தியாலத்துக்கு மட்டும் விபரம் இருந்தது, மிச்சம் 55 'சுயகற்றல்' என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்து கிடந்தது. புதிய திட்டத்தில் அந்த 55ஐத்தான் முதலில் பிரித்தேன்: களத்தில் அசைவு பார்த்தல் 10, உண்மையான பிள்ளைகளோடு சிறு முயற்சி 15, ஆக்கக் குறிப்பேடு 15, சோடியாக ஒத்திகை 15. பிரிஸ்டல் போர்டில் 15 கிழமைக்கும் கட்டம் போட்டு, 15ஆம் கிழமையில் அந்தப் பெரிய வசனத்தை ஒட்டினேன். அதற்கு முதல் நாள் என்ன தெரிந்திருக்க வேண்டும், அதற்கு முதல் என்ன என்று கேட்டுக் கேட்டு இடப்பக்கமாக வந்தேன். அப்படி வந்தபோது பழைய திட்டத்தின் நான்கு தலைப்புகளுக்கு இடமே இருக்கவில்லை. அவற்றை எடுத்துவிட்டேன்.

முதல் ஐந்து கிழமை: ஒரு அடவு

எங்கள் பயிலுநர்களில் பெரும்பாலானோர் பத்து வருடம் பரதம் கற்று வந்தவர்கள். உடம்பு தானாக முழங்கால் மடித்த அரைமண்டிக்குப் போகும். அது அவர்களுடைய செல்வம், அதைக் கழற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆகவே அவர்களுக்குத் தெரிந்த ஒரு நாட்டடவையே, காலை நீட்டிக் குதிக்காலை ஊன்றுகிற பரதத்தின் அடிப்படை அசைவையே, மூலப்பொருளாகக் கொடுத்தேன். கட்டளை ஒன்று: ஒரு நேரத்தில் ஒரு விடயத்தை மட்டும் மாற்றுங்கள். திசையை மாற்று. அடுத்த முறை, உயரத்தை. அடுத்தது, காலத்தை, மூன்று காலம் எல்லோருக்கும் தெரியும், நடுவில் நிறுத்தி மௌனத்தை வை. பிறகு பாரத்தை: அதே நாட்டு, ஆனால் தண்ணீர்க் குடம் தூக்கியவள் நாட்டுவது போல். ருடோல்ஃப் லாபன் அசைவைப் பாரம், காலம், வெளி, ஓட்டம் என்று நான்காகப் பகுத்தார். அந்தச் சொற்களைப் பலகையில் எழுதியது நான்காம் கிழமையில்தான். முதலில் உடம்பு செய்தது, பெயர் பிறகு வந்தது.

ஐந்து பேருக்கு அதை அமையுங்கள் என்றதும் எல்லாக் குழுவும் ஒரே மாதிரி நின்றன. நடுவில் ஒருத்தி, இரு பக்கமும் இரண்டிரண்டு பேர், முகம் முன்னுக்கு. போட்டி மேடைகளில் சிறுவயதிலிருந்து நின்று பழகிய வரிசை அது. 'சமச்சீர் வேண்டாம்' என்று சொல்லிப் பார்த்தேன். ஒருத்தியை இடப்பக்கம் தள்ளி நிறுத்திவிட்டுத் திருப்திப்பட்டார்கள். அடுத்த நாள் ஒன்றும் சொல்லாமல் எல்லோரையும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். ஆடுகிறவர்களை நடுவில் விட்டு, பார்க்கிறவர்களை நாலு பக்கமும் இருத்தினேன். முன்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போனது. பத்து நிமிடத்தில் முதுகுகள் பேசத் தொடங்கின. நாட்டுக்கூத்து வட்டக்களரியில் பார்வையாளர் சுற்றிவர இருப்பதைச் சிறுவயதில் பார்த்தவள் ஒருத்தி, "மிஸ், கூத்தில பின்னுக்கு இருக்கிற ஆளுக்கும் ஆடத்தானே வேணும்" என்றாள். அந்த வசனத்தை அவளுடைய பெயரோடு பலகையில் எழுதினேன்.

கரைவலை

ஆறாம் கிழமை களப் பார்வை. திருக்கடலூர்க் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்து, அதிலிருந்து ஆக்குவதற்கு ஒரு அசைவைக் கொண்டுவர வேண்டும்.

முதல் வருடம் இதை மார்கழியில் வைத்துவிட்டேன். விடிய ஐந்தரைக்கு இருபத்திரண்டு பேரும் குடையோடு போய் நின்றோம். வாடைக்காற்று, கறுத்த கடல், வள்ளங்களெல்லாம் கரையேற்றிக் கிடந்தன. எங்கள் கரையில் இந்த வலை இழுக்கிற காலம் கடல் அமைதியாயிருக்கிற மாதங்கள். ஊரில் பிறந்தவள் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அட்டவணையைத் திருத்தி மறு வருடம் ஆனியில் வைத்தேன். கல்வியாண்டு நாட்காட்டியோடு கடலின் நாட்காட்டியையும் ஒட்டிவைக்க வேண்டும் என்று பிரிஸ்டல் போர்டின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

ஆனியில் போனபோது வலை ஏற்கெனவே வளைத்துப் போடப்பட்டிருந்தது. இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள். மேடையில் நாம் பார்க்கிற மீனவர் நடனத்தில் துடுப்பு வலிப்பார்கள், வலை வீசுவார்கள், சிரித்துக்கொண்டு கூடையை இடுப்பில் வைப்பார்கள். அந்தக் கரையில் அன்றைக்குத் துடுப்பும் இல்லை, வீச்சும் இல்லை. இழுவை மட்டும் இருந்தது. முக்கால் மணித்தியாலம் பார்த்தோம். முதல் பத்து நிமிடம் பயிலுநர்கள் படம் எடுத்தார்கள். பிறகு நான் கைபேசிகளை என் பைக்குள் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

சாம்பல்தீவிலிருந்து வருகிற ஒரு பயிலுநர், அமைதியான பெண், என் பக்கத்தில் வந்து நின்றாள். "மிஸ், கடைசியில நிக்கிற ஆளைப் பாருங்க."

பார்த்தேன். வரிசை பின்வாங்கிப் பின்வாங்கி நடக்கிறது. உடம்பு பின்னுக்குச் சாய்ந்து, பாரம் முழுக்கக் குதிக்காலில். கயிற்றின் வாலில் ஒருவர் இருந்து அதை வளையமாகச் சுருட்டுகிறார். வரிசையின் கடைசி ஆள் அவரிடம் வந்து சேர்ந்ததும் கயிற்றை விட்டுவிட்டு, கைகளைத் தொங்கப்போட்டபடி தண்ணீர் விளிம்புக்கு நடந்துபோய், எல்லோருக்கும் முன்னால் மறுபடி கயிற்றைப் பிடிக்கிறார். பிறகு அடுத்தவர். வரிசை ஒரு இடத்தில்தான் நிற்கிறது, ஆட்கள் அதற்குள் சுழன்றுகொண்டே இருக்கிறார்கள். வலை கிட்ட வரவர இரண்டு வரிசையும் கரை வழியே ஒன்றையொன்று நெருங்குகின்றன. மீன் சேரும் பையான வலையின் மடி கரை தொடும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இவ்வளவு வருடம் இந்தக் கடற்கரையில் நடந்திருக்கிறேன். ஒரு முழு நடனத்தின் அமைப்பு அங்கே கிடந்ததை அந்தப் பிள்ளை காட்டித்தான் கண்டேன்.

இன்னொன்றையும் அவள்தான் பிடித்தாள். அவர்களுடைய இழுவை எட்டு எண்ணிக்கைக்குள் விழவில்லை. ஒருவர் அம்பா என்கிற மீனவர் பாட்டுக்குக் குரல் கொடுக்கிறார், மற்றவர்கள் ஏற்கிறார்கள். அலை வலையைப் பின்னுக்கு இழுக்கும்போது குரல் நீள்கிறது, அலை தளரும்போது இரண்டு அடி விரைவாகப் போகிறது. "தாளம் கடல்ட கையில இருக்கு மிஸ்." வகுப்புக்குத் திரும்பியதும் எண்ணிக்கையைத் தூக்கிவிட்டுக் குரலை மட்டும் வைத்து ஆக்கச் சொன்னேன். எட்டு இல்லாமல் எல்லோரும் எப்படிச் சேர்வது என்று இரண்டு குழு தடுமாறியது. மூச்சைக் கேளுங்கள் என்றேன். ஒரு கிழமை போராடி ஒரு குழு சேர்ந்தது. மற்றக் குழு சேரவே இல்லை. ஆனால் அவர்களுடைய குறிப்பேட்டில் ஏன் சேரவில்லை என்று மூன்று பக்கம் இருந்தது.

வலை இழுத்து முடித்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "என்ன பிள்ளையள், படிக்க வந்தனீங்களா, மீன் வாங்க வந்தனீங்களா?" படிக்க என்றோம். ஒரு பை நெத்தலி தந்தார், காசு வாங்கவில்லை.

கிண்ணியாவிலிருந்து வந்தவர்

ஆரம்பப் பிரிவுப் பயிலுநர்களும் இந்தப் பாடநெறியை எடுக்கலாம் என்று திறந்துவிட்டிருந்தோம். கிண்ணியாவிலிருந்து ஒரு பயிலுநர் வந்தார். முதல் நாளே நேராகச் சொன்னார், தான் மேடையில் ஆடமாட்டேன் என்று. பழைய தாளில் 'மேடையில் அளிக்கை செய்வார்' என்று ஒரு நிபந்தனையும் இருந்தது, அது இருந்திருந்தால் அவர் வாசலிலேயே திரும்பியிருப்பார். புதிய வசனத்தில் 'வழிநடத்துவார்' என்றுதான் இருக்கிறது. அதில் அவருக்கு முழு இடம் இருந்தது.

அவருடைய பெரியப்பா பொல்லடி தெரிந்தவர். சோடி சோடியாகப் பொல்லைத் தட்டி, இடம் மாறி, வட்டம் குலையாமல் நகர்கிற ஆட்டம். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் பன்னிரண்டு பேருக்குப் பொல்லுக்குப் பதிலாகப் பழைய பத்திரிகையை இறுக்கிச் சுருட்டிக் கொடுத்தார். அடிபட்டாலும் நோகாது. "ஆறு தட்டு தட்டணும். எங்க தட்டுறது, யாரோட தட்டுறது, அதை நீங்க முடிவெடுங்க" என்றார், ஒதுங்கி நின்றார். பையன்கள் சண்டை பிடித்தார்கள், ஒருவன் அழுதான், இருபத்தைந்தாவது நிமிடத்தில் வட்டம் சுற்றியது. ஒதுங்கி நிற்கிற அந்தத் துணிவு பத்து வருடம் ஆடிப் பழகிய என் பரத மாணவிகளுக்கு மிகவும் கடினமாக வந்தது. கை தானாக எழுந்து பிள்ளையின் தோளைத் திருத்தப் போய்விடும். பிறகு அவருடைய பாடத்தின் வீடியோவைத்தான் எல்லோருக்கும் பார்க்கக் கொடுத்தேன்.

புள்ளித்திட்டம்

முதல் வருடம் பத்து நியதி, ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. உடை, ஒப்பனை, முகபாவம் எல்லாம் போட்டித் தாள்களிலிருந்து பழக்கத்தில் வந்து ஒட்டியிருந்தன. பிள்ளைகள் ஆக்குவதைப் பார்த்துக்கொண்டே பத்துக் கட்டத்தை நிரப்ப முடியவில்லை, கடைசி நான்கைக் குத்துமதிப்பாகத்தான் போட்டேன். மனச்சாட்சி உறுத்தியது.

இரண்டாம் வருடம் நான்காகக் குறைத்தேன்: தூண்டலைக் கொடுத்த விதம், பிள்ளைகள் எடுத்த முடிவுகளின் அளவு, அசைவை மாற்றி வளர்த்த விதம், பயிலுநர் சொன்ன காரணம். ஒவ்வொன்றுக்கும் நான்கு மட்டம், மட்டத்துக்கு ஒரு வசனம். நானும் சக விரிவுரையாளரும் ஒரே வீடியோவைத் தனித்தனியே பார்த்துப் புள்ளியிட்டோம். நான்கு நியதியில் மூன்றில் ஒத்துப்போனது. மூன்றாவது நியதியில் மட்டும் நான் 4, அவர் 2. அங்கே 'புதுமையான ஆக்கத்திறன் தெரிகிறது' என்று எழுதியிருந்தேன். அவருக்குப் புதுமை வேறு, எனக்கு வேறு. அதை அழித்துவிட்டு, 'தெரிந்தெடுத்த அசைவொன்று குறைந்தது மூன்று விதமாக மாறியிருக்கிறது. மாற்றியவர்கள் பிள்ளைகள்' என்று எழுதினோம். அடுத்த ஐந்து வீடியோவில் ஒரு மட்டத்துக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. ஆக்கத்திறனை அளக்க எனக்கு வழி தெரியாது, அளக்கவும் விரும்பவில்லை. எடுத்த முடிவை எண்ணலாம். அது போதும்.

இன்னும் சரிவராத ஒன்று, தரை. மத்தியானத்துக்குப் பிறகு தகரக்கூரையின் கீழ் சீமெந்தில் வெறுங்காலோடு குதிக்க வைத்தால் பிள்ளைகளின் முழங்கால் அடி வாங்கும். உடம்பைச் சூடாக்குதலும் குதிப்பைக் குறைத்தலும் பற்றித் தனியே ஒரு பேறு வேண்டும். அடுத்த திருத்தத்தில் இரண்டாம் கிழமைக்குள் வைக்கிறேன்.

தம்பலகாமம்

இந்த வருடம் இறுதிக் கணிப்பீட்டில் சாம்பல்தீவுப் பிள்ளையின் பாடம் தம்பலகாமத்தில். எட்டாம் வகுப்பு, பதினாலு பேர். சுற்றிவர வயல், அறுவடை முடிந்த நேரம். கரைவலையை அவள் தொடவே இல்லை. "உங்கட வீட்டில ஆக்கள் சேந்து செய்யிற வேலை ஒண்டைச் செய்து காட்டுங்க" என்று தொடங்கினாள். மூட்டை ஏற்றுவதைக் காட்டினார்கள். லொறிக்கு மேலே இரண்டு பேர், கீழே தோள் மாற்றுகிறவர்கள், சாக்குத் தைக்கிற ஒருத்தி. அவள் தரையில் சம்மணமிட்டு இருந்து கேள்வி மட்டும் கேட்டாள். மூட்டை பாரமா, காலியா? எங்கே தெரியுது பாரம்? தைக்கிறவள் எப்ப எழும்புவாள்?

எழுபதாவது நிமிடத்தில் கடைசி மூட்டை யாருடைய தோளில் முடிய வேண்டும் என்று பிள்ளைகளுக்குள் பெரிய வாக்குவாதம். ஒரு பையன், மூட்டை முடியக்கூடாது, நாங்கள் ஆடிக்கொண்டே கதவால் வெளியே போகவேண்டும் என்றான். தைக்கிற பிள்ளை, அப்படியென்றால் தான் மட்டும் உள்ளே தனியே இருப்பேன் என்றாள். அது நல்லாயிருக்கும் என்று இரண்டு பேர், கூடாது என்று நாலு பேர். மணி அடித்துவிட்டது.

என் மாணவி ஆக்கக் குறிப்பேட்டில் எழுதியதை நான் பார்த்தேன்: 'முடிவு இன்னும் பிள்ளைகளிடம். நாளை மூன்றாம் பாடவேளை கேட்டு வாங்கியிருக்கிறேன்.'

இரண்டாவது நியதிக்கு 4 போட்டேன். நாளைக்கும் வந்து பார்க்கலாமா என்று அதிபரிடம் கேட்டுவிட்டுத்தான் பேருந்துக்கு நடந்தேன்.